21 பாகையா, 27 பாகையா?
முள்ளந்தண்டு வளைவும், எக்ஸ்ரே படத்தில் கோடு வரையும் கணினியும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக வைத்தியர்களே எழுதுவார்கள். நான் வைத்தியர் அல்ல. ரொறன்ரோவில் கணக்காளராக வேலை செய்யும் ஒரு தாய். எங்கள் வீட்டில் மூன்று வருடங்களாக நடந்த ஒரு விடயத்தையும், அதனால் நாங்கள் தேடிப் படித்து அறிந்துகொண்டவற்றையும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகின்றேன்.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பரதநாட்டிய உடுப்புத் தைப்பதற்காக அளவெடுத்த தையற்கார அக்கா, அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. பிள்ளையின்ரை வலப்பக்கத் தோள் உயரமாக் கிடக்கு. நான் இரண்டு தரம் அளந்து பார்த்தனான்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், "நிமிர்ந்து இரு, நிமிர்ந்து இரு எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று அம்மம்மா பிள்ளையை ஏசினார். நான் பாரமான புத்தகப் பையைக் குறை சொன்னேன். இரண்டுமே பிழை என்பது பிறகுதான் தெரிந்தது.

குடும்ப வைத்தியர் மகளை முன்னால் குனியச் சொல்லிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். முள்ளந்தண்டில் 21 பாகை வளைவு இருப்பதாக அறிக்கை வந்தது. "இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆறு மாதத்தில் திரும்பவும் எடுத்துப் பார்ப்போம். 25 பாகையைத் தாண்டினால் பிறேஸ் போடுவது பற்றி யோசிக்க வேண்டும்" என்றார்.

ஆறு மாதம் கழித்து, வீட்டுக்குக் கிட்ட இருந்த வேறோர் எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுத்தோம். அறிக்கையில் 27 பாகை என்று இருந்தது.

அன்றிரவு வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைபேசியில் ஓர் உறவினர் எண்ணெய் போட்டு உருவச் சொன்னார். இன்னொருவர், "பொம்பிளைப் பிள்ளை, வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். மாடிப்படியில் இருந்து மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும்.

என் தொழிலில் ஓர் எண்ணைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்போம். ஆனால் மகளின் முதுகு பற்றிய இந்த இரண்டு எண்களையும் யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அதைக் கேட்டவர் எங்களைப் பார்த்த நிபுணர்.

ஸ்கோலியோசிஸ் என்பது என்ன?

எங்கள் முள்ளந்தண்டில் கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்புக்கு மேலே 5 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் இந்த அடுக்கு இயற்கையாகவே வளைந்திருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் நேராக இருக்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போதும் 10 பாகை அல்லது அதற்கு மேல் வளைந்திருந்தால், அதனை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். முள்ளெலும்புகள் வளைவதோடு சற்று முறுகியும் இருக்கும். அதனால்தான் குனியும்போது ஒரு பக்க விலா மேலே எழும்பித் தெரிகின்றது.

10 முதல் 16 வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இது காணப்படுகின்றது. பெரும்பாலானோருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. கூனி இருப்பதாலோ, புத்தகப் பை தூக்குவதாலோ இது வருவதில்லை. சிறிய வளைவுகள் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆனால் 30 பாகையைத் தாண்டும் பெரிய வளைவுகள் பெண் பிள்ளைகளிடமே மிக அதிகம். பிள்ளை வேகமாக உயரும் காலத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும்.

சிகிச்சை பெரும்பாலும் பாகைக் கணக்கை ஒட்டியே தீர்மானிக்கப்படுகின்றது. வளரும் பிள்ளைக்கு 25 பாகைக்குக் கீழே என்றால் பொதுவாகக் கவனித்து வருவார்கள். 25 முதல் 40 வரை என்றால் பிறேஸ். 45, 50 பாகையைத் தாண்டினால் சத்திரசிகிச்சை பற்றிப் பேச்சு வரும். ஆகவே ஐந்தாறு பாகை வித்தியாசம், ஒரு பிள்ளையின் அடுத்த இரண்டு மூன்று வருடங்களையே மாற்றிவிடக் கூடியது.

கோணம் எப்படி அளக்கப்படுகின்றது?

இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் முறையை 1948 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த எலும்பு வைத்தியர் ஜோன் றொபேட் கொப் விளக்கினார். அதனால் இதற்குக் கொப் கோணம் என்று பெயர்.

செய்முறை இலகுவானது. வளைவின் மேற்பகுதியில் மிக அதிகமாகச் சரிந்திருக்கும் முள்ளெலும்பைத் தெரிவு செய்து, அதன் மேல் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு கீற வேண்டும். கீழ்ப்பகுதியிலும் அவ்வாறே மிக அதிகமாகச் சரிந்த எலும்பைத் தெரிவு செய்து, அதன் கீழ் ஓரத்தை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையில் உள்ள கோணமே வளைவின் அளவு. முன்னைய காலத்தில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பென்சிலாலும் அடிமட்டத்தாலும் பாகைமானியாலும் அளந்தார்கள். இப்போது கணினித் திரையில் கோடு இழுக்கிறார்கள்.

ஆனால் இதில் இரண்டு இடங்களில் தவறு வரலாம். ஒன்று, எந்த எலும்பைத் தெரிவு செய்வது என்பது. அடுத்தடுத்த எலும்புகள் ஏறக்குறைய ஒரே அளவு சரிந்திருந்தால், ஒருவர் ஒன்றையும் மற்றவர் அடுத்ததையும் தெரிவு செய்யக்கூடும். மற்றது, எலும்பின் ஓரம் எங்கே இருக்கின்றது என்பது. எக்ஸ்ரே படத்தில் ஓரம் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக இருப்பதில்லை. 35 மில்லிமீற்றர் நீளமான கோட்டின் ஒரு முனை 1 மில்லிமீற்றர் இறங்கினாலே கோணம் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல் மாறிவிடும். கோடுகளோ இரண்டு. இரண்டிலும் அதே அளவு தவறு எதிரெதிர்த் திசையில் நேர்ந்தால் 3 பாகை!

இதனை 1990 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. 50 எக்ஸ்ரே படங்களை நான்கு எலும்பு வைத்திய நிபுணர்கள் ஆறு தடவைகள் அளந்தார்கள். எலும்பைத் தாங்களே தெரிவு செய்தபோது, ஒரே வைத்தியரின் இரண்டு அளவுகளுக்கு இடையிலேயே சுமார் 5 பாகை வரையும், வெவ்வேறு வைத்தியர்களுக்கு இடையில் சுமார் 7 பாகை வரையும் வித்தியாசம் வரக்கூடும் என்று கண்டார்கள். எந்த எலும்புகள் என்பதை முன்கூட்டியே குறித்துக் கொடுத்து, எல்லோரும் ஒரே பாகைமானியைப் பயன்படுத்தியபோது, ஒரே வைத்தியரின் வித்தியாசம் 3 பாகைக்குக் கீழே இறங்கியது.

இதனால்தான் 5 அல்லது 6 பாகை கூடினால் மட்டுமே வளைவு உண்மையில் கூடியிருக்கிறது என்று நிபுணர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும், இரண்டு படங்களும் ஒரே விதமாக அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாதி வேலை மனிதருக்கு, பாதி வேலை கணினிக்கு

கை நடுக்கமும் கண் களைப்பும் இல்லாத கணினியிடம் இந்த வேலையைக் கொடுக்கலாமே என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே யோசித்திருக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் வளைந்து செல்லும் ஓர் ஓரத்தைக் கணினி தானாகத் தொடர்ந்து செல்வதற்கு உருவாக்கப்பட்ட வழிகளில் மூன்றினை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 1988 இல் காஸ், விற்கின், டெர்சோபூலஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'பாம்புகள்' என்பதுதான். நீங்கள் ஓரத்துக்குக் கிட்டவாக ஒரு கோட்டைப் போட்டுவிட்டால் போதும். அது இறப்பர் நாடா போலத் தன்னைச் சரிசெய்துகொண்டு, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில் போய்ப் படியும். ஆனால் அளவுக்கு மீறி மடங்காது.

இரண்டாவது, 1995 இல் அமெரிக்காவில் மோர்டென்சன், பரெட் என்ற இருவர் வெளியிட்டது. இதனை விளங்கிக்கொள்ளக் கனடாக் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடக்கும்போது நாங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு நேராக நடப்பதில்லை. மற்றவர்கள் நடந்து தடம் விழுந்த பாதையில் போகின்றோம். தூரம் கூடினாலும் கால் வலி குறைவு. அதுபோலவே, படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி ஒரு 'நடைச் செலவு' போடுகின்றது. ஓரமாகத் தெரியும் புள்ளிகளில் செலவு குறைவு, மற்றவற்றில் அதிகம். நீங்கள் மவுஸால் ஓர் இடத்தில் அழுத்திவிட்டு இன்னோர் இடத்துக்கு நகர்த்தினால், இரண்டுக்கும் இடையில் செலவு மிகக் குறைந்த பாதையைக் கணினி உடனே கீறிக் காட்டும். அத்தகைய பாதையைக் கண்டுபிடிக்கும் கணித முறையை ஒல்லாந்தரான டைக்ஸ்ட்ரா 1959 இலேயே வெளியிட்டிருந்தார். கோடு வழி தவறினால், இடையில் ஒரு புள்ளியை அழுத்தி அதனைத் திரும்பப் பாதைக்குக் கொண்டுவரலாம்.

மூன்றாவது, இங்கிலாந்தின் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் கூட்ஸ், ரெய்லர் ஆகியோர் 1995 இல் வெளியிட்டது. மனிதர் கையால் வரைந்த பல படங்களைக் கணினிக்கு முதலில் காட்டி, ஓர் எலும்பின் உருவம் எந்த அளவுக்கு வேறுபடலாம் என்று பழக்குகிறார்கள். அதன் பிறகு புதிய படத்தில் ஓரம் மங்கலாக இருந்தாலும், எலும்புக்குப் பொருந்தாத உருவத்தைக் கணினி வரையாது.

இந்த முறைகளைக் கொண்டு அளக்கும்போது மனிதர் தொடங்கி வைக்க, கணினி கோட்டை இழுக்கின்றது. பிறகு மனிதர் சரிபார்த்துத் திருத்த, கணினி கோணத்தைக் கணக்கிடுகின்றது. இதைத்தான் அரைத் தானியங்கி முறை என்கிறார்கள். இதன் பெரிய நன்மை வேகம் மட்டுமல்ல. அதே படத்தில் அதே எலும்புகளைக் குறித்தால், இன்று அளந்தாலும் அடுத்த வருடம் அளந்தாலும் ஏறக்குறைய அதே விடை வரும். ஆறு மாதத்துக்கொருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நோய்க்கு இதுதான் முக்கியம்.

கோடு எங்கே வழி தவறும்?

நிபுணரின் அறைக்குத் திரும்புகிறேன். அவர் இரண்டு படங்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கழுத்துக்குக் கீழே ஓர் எலும்பில் மவுஸால் அழுத்தினார். கோடு எலும்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது. நெஞ்சின் நடுப்பகுதிக்கு வந்ததும் திடீரென்று ஒரு பக்கமாக வளைந்து போனது.

"அம்மா, கோடு விலா எலும்புக்குப் போயிட்டுது" என்றாள் மகள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் விரலால் காட்டிய இடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கோட்டை முள்ளந்தண்டுக்குத் திரும்ப இழுத்தார்.

இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்ரே என்பது நிழற்படம். உடம்பில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. நெஞ்சுப் பகுதியில் விலா எலும்புகளும் இதயத்தின் நிழலும் முள்ளந்தண்டோடு கலக்கின்றன. வயிற்றுப் பகுதியில் குடலில் உள்ள வாயு கரும்புள்ளிகளாகத் தெரியும். மேலே தோள் எலும்புகள் மறைக்கும். வளைவு முறுகியிருந்தால் எலும்பின் ஓரம் ஒற்றைக் கோடாகத் தெரியாமல் இரட்டையாகத் தெரியும். இவற்றில் எது எலும்பின் உண்மையான ஓரம் என்று கணினிக்குத் தெரியாது. வெளிச்சமும் இருட்டும் எங்கே கூடுதலாக மாறுகின்றனவோ அந்தப் பக்கம் போய்விடும்.

கோட்டைத் திருத்திய பிறகு வைத்தியர் இரண்டு படங்களிலும் ஒரே எலும்புகளைக் குறித்தார். முதற் படத்தை அளந்தவர் கீழ்ப்பகுதியில் மிக அதிகமாகச் சரிந்த எலும்பை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததைத் தெரிவு செய்திருந்தாராம். அதனால்தான் கோணம் குறைவாக வந்திருக்கின்றது. ஒரே விதமாக அளந்தபோது முதற் படம் 24 பாகை, இரண்டாவது 26 பாகை.

ஆறு பாகை கூடியதாக நாங்கள் நினைத்தது உண்மையில் இரண்டு பாகை. அது அளவுத் தவறுக்குள் அடங்கும். எனக்கு அழுகை வந்தது. அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லையா என்று கேட்டேன்.

"அப்படி நான் சொல்லவில்லை" என்றார் அவர். படத்தின் கீழ்ப்பகுதியில் இடுப்பெலும்பைக் காட்டினார். அதன் மேல் விளிம்பில் எலும்பு எவ்வளவு தூரம் முதிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் இருக்கின்றது என்று மதிப்பிடுவார்களாம். அந்த முறையை றிஸ்ஸர் என்ற அமெரிக்க வைத்தியர் 1958 இல் விளக்கினார். எங்கள் மகளுக்கு வளர்ச்சி நிறைய மிச்சம் இருந்தது. ஆகவே ஆறு மாதம் பொறுக்காமல் நான்கு மாதத்தில், அதே இடத்தில், அதே முறையில் இன்னொரு படம் எடுப்போம் என்றார்.

அந்தப் படத்தில் 31 பாகை. அதே எலும்புகள், அதே மென்பொருள், அதே கண். இந்த முறை கூடியது உண்மையாகவே கூடியதுதான்.

முழுவதையும் கணினியிடமே விட்டால் என்ன?

இப்போது செயற்கை நுண்ணறிவு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். முள்ளந்தண்டுக் கோணத்தை மனித உதவியின்றி அளக்கும் முயற்சிகளும் வேகமாக வளர்ந்திருக்கின்றன. 2019 இல் சீனாவின் ஷென்சென் நகரில் நடந்த மருத்துவப் படக் கணினி ஆய்வு மாநாட்டில், கொப் கோணத்தைத் தானாக அளப்பதற்கென்றே ஒரு போட்டியும் நடந்தது. நல்ல தெளிவான படங்களில் இத்தகைய மென்பொருள்கள் திறமையாகவே அளக்கின்றன.

ஆனால் கணினி பழகிய படங்களில் இல்லாத ஒன்று வந்தால்? உதாரணமாக, சிலருக்கு முள்ளெலும்புகளின் எண்ணிக்கையே வித்தியாசமாக இருக்கும். சிலருக்கு ஒரு எலும்பு பிறப்பிலேயே ஆப்பு வடிவில் இருக்கும். அங்கே கணினி ஒரு தயக்கமும் காட்டாமல் பிழையான எண்ணைத் தரக்கூடும். 27 என்று அச்சடித்து வந்த தாளைப் பார்த்து நான் எப்படிக் கேள்வி கேட்காமல் நம்பினேனோ, அதே ஆபத்து இதிலும் உண்டு. வரைந்த கோட்டைப் படத்தின் மேலேயே காட்டி, அதனை ஒரு மனிதர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வரும் எண்ணை நம்புவதற்கு எனக்கு இப்போது தயக்கம் இல்லை.

எக்ஸ்ரே அடிக்கடி எடுக்கலாமா?

பல பெற்றோருக்கு உள்ள பயம் இது. பயம் முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. 2000 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 1912 இற்கும் 1965 இற்கும் இடையில் முள்ளந்தண்டு நோய் கண்டறியப்பட்ட 5,573 பெண்களின் விபரங்களை ஆராய்ந்தது. அவர்கள் சராசரியாக 25 எக்ஸ்ரே வரை எடுத்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள், எதிர்பார்க்கக்கூடிய தொகையை விடச் சுமார் 70 வீதம் அதிகமாக இருந்தார்கள்.

அந்தக் காலத்துக் கதிர் அளவு மிக அதிகம். இன்று அதில் ஒரு சிறு பங்கே போதும். அத்துடன் பிள்ளையின் முதுகு எக்ஸ்ரே குழாயைப் பார்த்து இருக்குமாறு நிறுத்திப் படம் எடுத்தால், மார்பில் விழும் கதிர் இன்னும் குறையும். 1992 இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஜோர்ஜ் ஷர்பாக்கின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்ட ஈ.ஓ.எஸ். என்ற கருவி, மிகக் குறைந்த கதிரில் நின்ற நிலையில் முழு முள்ளந்தண்டையும் படம் பிடிக்கின்றது. பெரிய நகரங்களில் உள்ள சில வைத்தியசாலைகளில் இது இருக்கின்றது.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். எங்களுக்கு ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்க்கப் புதிய எக்ஸ்ரே தேவைப்படவில்லை. பழைய படங்களையே திரும்ப அளந்தார்கள். கவனமாக அளந்தால் தேவையற்ற படங்களும் குறையும்.

பிறேஸ் பற்றி இரண்டு வார்த்தை

31 பாகை என்று தெரிந்த பின் மகளுக்குப் பிறேஸ் செய்யப்பட்டது. இது பயன் தருமா என்ற சந்தேகம் எங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 நிலையங்களில் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகின்றது. பிறேஸ் அணிந்த பிள்ளைகளில் 72 வீதத்தினருக்கு, வளர்ச்சி முடியும் வரை வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணியாமல் கவனிக்கப்பட்டவர்களில் அவ்வாறு தப்பியவர்கள் 48 வீதத்தினர். ஒரு நாளைக்குச் சராசரியாக 13 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் அணிந்தவர்களில் சுமார் 90 வீதத்தினர் தப்பினார்கள். பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. கோடையில் வியர்த்துத் தோல் சிவந்தது. பாடசாலையில் ஒருத்தி முதுகில் தட்டிப் பார்த்து, "உள்ளே என்ன, பலகையா?" என்று கேட்டிருக்கிறாள். ஒளிக்கச் சொன்ன உறவினரின் பேச்சை நாங்கள் கேட்கவில்லை. மகளே வகுப்பில் தன் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினாள். நடன வகுப்புக்குப் போகும்போது கழற்றிவிடலாம் என்றார் வைத்தியர். ஆடுவதை நிறுத்தத் தேவையில்லை என்றும் சொன்னார்.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கடைசியாக எடுத்த படத்தில் 29 பாகை. 31 இல் இருந்து குறைந்துவிட்டது என்று அம்மம்மா கோயிலில் அருச்சனை செய்வித்தார். அது அளவுத் தவறுக்குள் அடங்கும், கூடவில்லை என்பதுதான் நல்ல செய்தி என்று மகள் அவருக்கு விளங்கப்படுத்தினாள். வளர்ச்சி முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. பொறுத்திருக்கின்றோம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது

கனடாவில் பாடசாலைகளில் முதுகைப் பரிசோதிக்கும் வழக்கம் இல்லை. ஆகவே பத்து வயதுக்குப் பின், வளர்ச்சி முடியும் வரை, வருடத்துக்கு இரண்டு தரமாவது பிள்ளையின் முதுகைப் பெற்றோரே பார்ப்பது நல்லது. வளர்ந்த பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். நீச்சல் உடையிலோ மெல்லிய உடுப்பிலோ பார்த்தாலும் போதும்.

1. பின்னால் இருந்து பாருங்கள். இரண்டு தோள்களும் ஒரே உயரமா? தோட்பட்டை எலும்பு ஒரு பக்கம் கூடத் துருத்திக்கொண்டு இருக்கின்றதா?

2. கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது, கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா?

3. கால்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து முன்னால் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகின்றதா? இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் வில்லியம் அடம்ஸ் 1865 இல் விளக்கிய இந்தப் பரிசோதனையைத்தான் குடும்ப வைத்தியர்கள் இன்றும் செய்கிறார்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். கடுமையான முதுகுவலி, கால் விறைப்பு, கால் பலவீனம் போன்றவை சேர்ந்து இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

பிள்ளைக்கு வளைவு இருப்பதாகத் தெரிந்து, இரண்டாவது படமும் எடுத்தாகிவிட்டது என்றால் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எங்கள் நிபுணர் இவற்றைக் கேட்டதற்காகச் சந்தோசப்பட்டார்.

1. இரண்டு படங்களிலும் ஒரே முள்ளெலும்புகளைத் தெரிவு செய்து அளந்தார்களா?

2. கையால் அளந்ததா, மென்பொருளால் அளந்ததா? மென்பொருள் என்றால், அது வரைந்த கோட்டை யாராவது பார்த்துச் சரிசெய்தார்களா?

3. இந்த வித்தியாசம் அளவுத் தவறுக்குள் அடங்குமா, அதற்கு மேற்பட்டதா?

4. பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் இருக்கின்றது?

5. அடுத்த படத்தையும் இதே இடத்தில், முடிந்தால் நாளின் ஏறக்குறைய இதே நேரத்தில் எடுக்கலாமா? முள்ளந்தண்டு நாள் முழுவதும் உடம்பின் பாரத்தைத் தாங்குவதால், பின்னேரத்தில் வளைவு சற்றுக் கூடுதலாகத் தெரியக்கூடும்.

6. பழைய படங்களின் பிரதியை எங்களுக்குத் தர முடியுமா? வீடு மாறினாலும், வேறு மாகாணத்துக்கோ நாட்டுக்கோ போனாலும், அங்கு பார்க்கும் வைத்தியருக்கு வெறும் அறிக்கையை விடப் படமே பெரிதும் உதவும். எங்களைப் போல் அடிக்கடி இடம் மாறும் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்.

அரங்கேற்றத்துக்கான உடுப்புத் தைக்க அண்மையில் அதே தையற்கார அக்காவிடம் போனோம். நடந்தது எல்லாவற்றையும் சொல்லி நன்றி கூறினேன். "அளவு சந்தேகமெண்டால் நான் எப்பவும் திரும்ப அளப்பன்" என்று சொல்லிவிட்டு, நாடாவை எடுத்து மகளின் தோளில் வைத்தார்.

(இக்கட்டுரை பொது அறிவுக்காக மட்டுமே. உங்கள் பிள்ளைக்குரிய ஆலோசனையை உங்கள் குடும்ப வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.)